ஒக்கி: அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள்

“புயல் வருவது தெரிந்தும் தூத்தூர்க்காரர்கள் கடலுக்குப் போனார்கள், இரண்டு நாள் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பார்கள்” என்று, ஒக்கி புயலில் சிக்கிய கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பாருங்கள். தாழ்வு மண்டலம் உருவானது 2017 நவம்பர் 29. அது ஒக்கி புயலானது 30ஆம் தேதி காலை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்ற கடலோர ஊர்களின் ஆட்களுடைய தங்கல் போட்டுகள் பலவும் அதற்குப் பல நாள் முன்பே ஐஸ், டீசல், அரிசியோடு கிளம்பிவிட்டன, சில கொச்சியிலிருந்து. சுறாவும் கேரையும் (சூரை மீன்) தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் தொழில் இது. அத்தனை தூரத்தில் செல்போன் எடுக்காது, சாதாரண வயர்லெஸும் கரையை எட்டாது. பிறகு எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

29ஆம் தேதி கரையோரமாக வள்ளத்தில் (சிறு படகில்) போனவர்கள் கதை வேறு, அதில் எச்சரிக்கை எப்படி, எப்போது வந்தது என்று வாதிடலாம். சரி, வாதிடுவோம். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

அப்புறம், காத்திருக்கத் தெரியாதவர்களா இவர்கள்? ஆடி மாதம் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலை ஏறினால், சாமான் ஏற்றிய போட்டுகூட நாள்கணக்கில் கட்டியே கிடக்கும். ஐஸ் உருகி ஓடும். வந்து பாருங்கள்.