பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்

போகி நெருங்கினால் வீட்டுக்கு வீடு பரணை இறக்கும் வேலை ஆரம்பமாகிவிடும், கூடவே வருஷா வருஷம் வரும் அதே சண்டையும். "இருபது வருஷமா யாரும் தொடல, எடைக்குப் போடுங்க" என்று ஒரு கட்சி. "நல்லா ஓடுற சாமான், இருந்துட்டுப் போகட்டும்" என்று இன்னொரு கட்சி. என்னைக் கேட்டால் ரெண்டு கட்சியும் தப்பான சாமானுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். காப்பாற்ற வேண்டியதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு, கழற்ற வேண்டியதைத் தலைக்கு மேலே சுற்றவிட்டிருக்கிறோம்.

தலைக்கு மேலே என்றது சீலிங் ஃபேனைத்தான். அந்தக் காலத்து ஃபேன் இரும்பு மாதிரி உழைக்கும், உண்மைதான். ஆனால் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் புது வகையான பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாச பில்லில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 32 யூனிட் வித்தியாசம். மூன்று ஃபேன் ஓடும் வீட்டில், அரசு தரும் இலவச 100 யூனிட் கிட்டத்தட்ட இதற்கே சரியாகிவிடும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம், 2.5 மைக்ரோஃபாரட் ஒன்று வாங்கி மாற்றினால் வேகம் திரும்பிவிடும். அதுவரை சரி. காயில் எரிந்து ரீவைண்டிங் என்று பேச்சு வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

மிக்ஸி கதையே வேறு. 750 வாட் மோட்டார் என்றாலும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஓடினால் அதிகம், அதனால் கரண்ட் கணக்குப் பார்த்து அதை மாற்றுவதில் அர்த்தமில்லை. உள்ளே நல்ல மோட்டார் இருக்கும்போதே அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஓடவே இல்லையா? முதலில் கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். ஓவர்லோடில் ட்ரிப் ஆகியிருக்கும். ஜாரைக் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் போதும். தீப்பொறி பறந்து கருகல் வாடை வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாக மாற்ற வேண்டும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் போயிருக்கும். ஜார் அடியில் ஒழுகினால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அந்தத் தண்ணீர் நேராக மோட்டாரின் பேரிங்கில்தான் இறங்கும்.

குண்டு டிவியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக உடைக்கிறவர்களிடம் கொடுக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

இனி கேசட். பரணில் நிஜமாகவே மதிப்புள்ளது இது ஒன்றுதான், முதலில் குப்பைக்குப் போவதும் இதுதான். சினிமாப் பாட்டு கேசட்டைப் பற்றிச் சொல்லவில்லை, அவை எல்லாமே இப்போது போனில் கிடைக்கின்றன. துபாயிலிருந்து அப்பா பேசி அனுப்பியது, பாட்டியின் தாலாட்டு, கல்யாண வீடியோ, இதற்கெல்லாம் வேறு பிரதி கிடையாது. வீடியோ கேசட்டை முதலில் கவனியுங்கள். விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி கம்பெனியான ஃபுனாய் 2016-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருக்கிற மெஷின்களில் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்து தீர்வதற்குள் கேசட்டில் இருப்பதை டிஜிட்டல் ஃபைலாக மாற்றியாக வேண்டும். அந்த ஹெட் டிரம்மைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைக்கவே கூடாது. பஞ்சு நூல் மாட்டி ஹெட் முனை பெயர்ந்துவிடும். பழக்கம் இல்லாவிட்டால் கடையில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆடியோ கேசட்டை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் எடுத்த எடுப்பில் டெக்கில் (டேப் ரெக்கார்டரில்) போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வழியாக ரீலைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், எனவே தனியாக ஒதுக்குங்கள். பிறகு டேப்பைத் தொடும் அந்தச் சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறு பழைய கேசட் ஒன்றைத் திறந்து, அந்தக் கூட்டுக்குள் ரீலை மாற்றி வைத்தால் சரியாகிவிடும். அப்படியே கேசட் முதுகில் இருக்கும் ரெண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிடுங்கள், ரெக்கார்ட் பட்டனைத் தெரியாமல் அமுக்கினாலும் அழியாது.

டெக்கில் பெரும்பாலும் சாகிறது, மோட்டாரின் சுற்றை ரீலுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்தான். ப்ளே அமுக்கினால் மோட்டார் முனகும், ரீல் சுற்றாது. பல பெல்ட்டுகள் தாராக உருகிப் புல்லியோடு ஒட்டியிருக்கும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு கறுப்புத் துளி மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் புதுசைப் போட வேண்டும். பழைய பெல்ட்டை வெட்டி நீட்டி அளந்து, அதைவிட 5 சதவீதம் சின்னதாக வாங்குங்கள், பழையது நீண்டுபோயிருக்கும் என்பதால். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். பெல்ட் லூஸாக இருந்தால், வெளியே வரும் டேப்பை வலப்பக்க ரீல் இழுத்துச் சுற்றாது. அது ரப்பர் ரோலரில் சுற்றிக்கொள்ளும். "டேப் சுத்திக்கிச்சு" என்று பென்சிலோடு உட்காருவோமே, அதன் காரணம் இதுதான்.

ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் அதே ஆல்கஹாலில், பஞ்சில் பழுப்பு வராத வரைக்கும் துடையுங்கள். கை சானிடைசர் வேண்டாம், அதில் கலந்திருக்கும் கிளிசரின் பிசுக்கென்று தங்கிவிடும். காய்ந்ததும் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரியும்.

இனி கம்ப்யூட்டரில் பதிவது. டெக்கில் லைன் அவுட் (சத்தத்தை நேராக வெளியே தரும் துளை) இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்போன் துளை, வால்யூம் மூன்றில் ஒரு பங்கு. டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு பலவற்றில் இருப்பது ஒற்றை மைக் துளை மட்டுமே. ஸ்டீரியோ பதிவு என்றால் லைன் இன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரக் கேசட் சுமார் 635 எம்பி வரும். எம்பி3 ஆக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ச, ஸ எழுத்துகள் மழுங்கிக் கேட்டால் ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஓடும்போதே இம்மி இம்மியாகத் திருப்புங்கள். தெளிவு உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு மெஷினில் பதிந்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று அசல் பதிவில் கை வைக்காதீர்கள், பிரதியில் செய்யுங்கள். ஃபைல் பெயரில் யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி ரெண்டு இடத்தில் சேமியுங்கள். கேசட்டைக் கடைசிவரை சுற்றி, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் நிற்கவையுங்கள். ஷோகேஸில் துணி போர்த்தி வைத்திருக்கும் அந்த டேப் ரெக்கார்டரை அதன் பிறகு தாராளமாக எடைக்குப் போடலாம்.