அக்கா பாடிய நாற்பது விநாடி

இலங்கைக்கு ரீவி வந்த கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் கொழும்புக்குப் பக்கத்திலிருக்கும் பன்னிப்பிட்டியில்தான் தொடங்குவார்கள். சரி, அது உண்மைதான். 1979 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஷான் விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் அங்கே ஐ.ரி.என் என்ற தனியார் ரீவி நிலையத்தின் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அந்த அலை போகாது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு அரசாங்கத்தின் தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கூரையில் அப்பா ஏறி அன்ரனாவைத் திருப்புவார். கீழே அக்கா ரீவிக்கு முன்னால், நான் நடுவில் யன்னலில். "வந்திட்டுது! திருப்பாதேங்கோ, அப்பிடியே விடுங்கோ!" அப்பா கையை எடுத்ததும் படம் போய்விடும்.

இந்த வரலாற்றில் தமிழ் எங்கே என்று கேட்டால் பதில் சுருங்கிவிடுகிறது. தமிழ்ச் செய்தி இருந்தது, நாடகம் இருந்தது, சிறுவர் நிகழ்ச்சி இருந்தது என்பதோடு முடிந்துவிடும். ஐ.ரி.என் தமிழுக்கென்று வசந்தம் ரீவியைத் தொடங்கியது 2009இல். நடுவே முழுதாக முப்பது வருடம். அதற்குள் 90களின் கடைசியில் தனியார் பக்கமிருந்து சக்தி ரீவி என்ற தமிழ் அலைவரிசை வந்துவிட்டது. ஆனால் அதற்கும் முந்திய காலத்தில், கிடைத்த சின்னச் சின்ன நேரத்துக்குள் நம் பேச்சில் நாடகம் போட்டவர்கள், எழுதியவர்கள், நடித்தவர்கள் பலருடைய பெயர்கூட எங்கும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. இலங்கை வானொலிக்கு அந்தக் குறை இல்லை. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அறிவிப்பாளர்களின் பெயரைச் சொல்ல இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒலிநாடாக்களைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ரீவியில் வேலை செய்த நம் கலைஞர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

1988இல் அக்கா ஒரு தமிழ்ச் சிறுவர் நிகழ்ச்சியில் பாடினாள். பக்கத்து வீட்டு மாமாவிடம் ரீவியிலிருந்து பதிவு செய்யும் வீடியோ டெக் இருந்தது. அப்பா புதுக் கசெற் வாங்கிக் கொடுத்துப் பதிவு செய்வித்தார். போன வருடம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அது கையில் வந்தது. திறந்து பார்த்தால் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், கடற்கரை ஊரின் ஈரம் செய்த வேலை. டிஜிற்றலுக்கு மாற்றித் தரும் கடைக்காரத் தம்பி இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்து, நாற்பது விநாடியை மீட்டுத் தந்தார்.

மூல நாடா கிடைக்குமா என்று அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ரீவி நிலையத்தில் கேட்டேன். இல்லையாம், மேலே வேறு ஏதோ பதிந்துவிட்டார்களாம். அந்தக் காலத்தில் நாடா விலை கூடியது, அழித்து அழித்துப் பாவிப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம்தான், தெரியும். ஆனால் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருப்பார் அல்லவா? அக்காவின் பாட்டைவிட எனக்கு அந்த நாடகங்களின் கவலைதான் பெரிது. நம் வீட்டுப் பேச்சு ரீவியில் கேட்ட முதல் வருடங்கள் அவை.

அதனால் கேட்கிறேன். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, கனடாவோ லண்டனோ, உங்கள் வீட்டில் பழைய விஎச்எஸ் கசெற் இருந்தால் எறியாதீர்கள். கலியாண வீடியோவின் கடைசியில்கூட அரைமணி நேர ரூபவாஹினித் தமிழ் நாடகம் பதிந்து கிடக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், சுருள் அறுந்துவிடும். முதலில் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம், அந்த நாற்பது விநாடியில் அக்கா ஒரு இடத்தில் வரியை மறந்து இடப்பக்கம் பார்க்கிறாள். மிருதங்கத்தில் இருக்கும் கை ஒன்று தாளத்தை விடாமல், இரண்டு விரலை மட்டும் தூக்கி அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறது. முகம் தெரியவில்லை. அக்காவுக்கும் பெயர் ஞாபகமில்லை, "மோதிரம் போட்ட மாஸ்ரர்" என்கிறாள். 88இல் கொழும்பில் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு மிருதங்கம் வாசித்தவர்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.