கிளொக்கில் சேஃப்டி இல்லையென்பது பிழை
தம்பி, ‘கிளொக் 19 கைத்துப்பாக்கியில் சேஃப்டியே (தவறிச் சுடாமல் காக்கும் தடை) இல்லை, புதிதாகச் சுடப் பழகுபவருக்கு பெரெட்டா 92 கைத்துப்பாக்கிதான் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கிறீங்க. அது பிழை. கையால் தள்ளும் பூட்டு மட்டும்தான் அதில் இல்லை. சுட இழுக்கும் விசையின் நடுவில் சின்ன நாக்கு ஒன்று இருக்கு; விரல் அதை அழுத்தாமல் விசை பின்னுக்கு வராது. உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசியைத் தடுக்கவும், கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்கவும் வேறு இரண்டு தடைகள்.

பெரெட்டாவில் பின்னாலிருந்து ஊசியை அடிக்கும் சுத்தியல் இறங்கியிருந்தால் விசையின் முதல் இழுப்பு நீளம், பாரம், அடுத்தது லேசு. நம்ம நுவரெலியா மார்கழிக் குளிரில் விரல் விறைத்துக் கிடக்கும்போது, பழகாத கைக்கு அந்த முதல் குண்டு குறியில் நிற்காது. பிடியும் தடிப்பு.

கிளொக்கில் உண்மையான ஆபத்து வேறு: கழற்றுவதற்கே விசையை இழுக்க வேணும். மெகசினை (தோட்டாக் கூட்டை) எடுத்து, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா நிற்கும் அறைக்குள் சுண்டுவிரல் விட்டுத் தடவிப் பார்க்காமல் விசையைத் தொடாதீங்க.