பெட்ரோல் காசு மட்டும் கணக்கல்ல

சொந்தக் காரை விற்றுவிட்டு பஸ்ஸிலும் வாடகைக் காரிலும் சமாளிப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். காரை விற்றால் மிச்சமாவது பெட்ரோல் காசுதான் என்று அது சொல்வது பாதிக் கணக்குங்க. 7 லட்சத்துக்கு வாங்கிய கார் 5 வருசத்தில் பாதி விலைக்குப் போனால் தேய்மானமே வருசத்துக்கு 70,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் சேர்த்தால் வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் மாதம் 8,000 ரூபாய் போகும். அந்தப் பணத்துக்குத் தாராளமாக வாடகைக் கார் எடுக்கலாம், பேசி எடுத்தால். வெளியூர் வாடகை என்றால் பெரும்பாலும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள், டிரைவர் பேட்டா, டோல் தனி. காங்கேயத்திலிருந்து ஈரோடு போய்வர அதில் பாதிகூட வராது, அதனால் மணிக்கணக்கில் பேசுவதே லாபம். கார் இல்லாதவருக்கு உண்மையான சிரமம் பஸ் மாறுவதில்தான். தாராபுரம், காங்கேயம், கோபி, சத்தி எதற்கும் ரயில் இல்லை, பஸ்தான். கோவைக்குள் வந்தால் ஒவ்வொரு திசைக்கும் ஒரு பஸ் ஸ்டாண்டு: திருச்சி, மதுரை பஸ் சிங்காநல்லூரில், பொள்ளாச்சி, பழனி உக்கடத்தில், ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டில், சேலம், ஈரோடு காந்திபுரத்தில். மதுரையிலிருந்து ஊட்டி போகிறவர் மூட்டையோடு நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். டவுன் பஸ்ஸுக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பெண்களுக்கான இலவசப் பயணமும் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸில் செல்லாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஆஸ்பத்திரி அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் போதும் என்கிறார். போவதற்குப் போதும், டிஸ்சார்ஜ் ஆகித் திரும்ப அது வராது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே உள்ளூர் டாக்ஸிக்காரர் இருவரிடம் சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரி பில் முடிய சாயங்காலம் ஆகிவிடும், வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.