கிட்ட வருவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யட்டும்

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், பைனாகுலரும் கேமராவுமாகக் காடு மேடு அலைகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கிடைக்கிற சந்தோஷம் வேறு வேறு என்றுதான் பலரும் பேசுகிறார்கள். முதலாவதைப் பாசம் என்கிறார்கள், இரண்டாவதை வியப்பு என்கிறார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறேன். எனக்கு இந்தப் பிரிவினையில் துளியும் உடன்பாடு இல்லை. பூனை தானாக மடியேறும்போதும் சரி, காட்டில் ஒரு உயிர் நம்மைக் கண்டும் ஓடாமல் நிற்கும்போதும் சரி, மனம் துள்ளுவதற்குக் காரணம் ஒன்றுதான். அது வராமலே இருந்திருக்கலாம், ஆனாலும் வந்தது. ஓடியிருக்கலாம், ஆனாலும் நின்றது.

பூனை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும். எங்கள் வீட்டுப் பூனை கூப்பிட்டால் வராது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பும், கேட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஏதாவது படிக்க ஆரம்பித்தால் மெல்ல அறைக்குள் வரும். அதுவும் நேராக வராது. சுவரோரமாக நடந்து, பாதி வழியில் உட்கார்ந்து, தோளைக் கொஞ்சம் நக்கிக்கொள்ளும். அப்புறம் எழுந்து, வாலை நட்டுக்கொண்டு, அதன் நுனியை மட்டும் லேசாக வளைத்தபடி என் பக்கம் வரும். முழங்காலில் கன்னத்தை வைத்து ஒரே இழுப்பு. அந்தக் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தன் மணத்தை என்மேல் பூசிவிட்டுப் போகிறது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு இணையாக ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பூனையின் கண்ணைப் பார்த்து நம் கண்ணை மெதுவாகச் சுருக்கி, மூடித் திறந்து பாருங்கள். பல பூனைகள் பதிலுக்கு அதேபோல் செய்யும். வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததுதான். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். வளர்ப்பவர் கண்ணை மெதுவாக மூடித் திறந்தபோது பூனைகளும் அதிகமாக அப்படிச் செய்தன. முன்பின் தெரியாத ஒருவர் அப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டியபோது, சும்மா முகத்தை வைத்துக்கொண்டு நீட்டியதைவிட அதிகமாக அந்தக் கையை நாடி வந்தன. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பெரிது. அறிமுகமே இல்லாத இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கண்ணசைவு போதுமாக இருக்கிறது.

நாய்கள் விஷயம் இன்னும் ஆழமானது. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடியது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. அதாவது நாம் நாயின் கண்ணைப் பார்த்து உருகும்போது, உருகுவது நாம் மட்டும் இல்லை.

ஆனால் ஹார்மோன் கணக்கைவிட என்னை அதிகமாக ஆட்டிப்படைப்பது ஒரு நாய்க்குட்டியின் எலும்பு. 1914-இல் ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் கல் குவாரி வேலையாட்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். அதன் பற்களை 2018-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் சொன்னது இது: சாகும்போது அதற்கு ஏழு மாதம்கூட நிரம்பவில்லை. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே டிஸ்டெம்பர் நோய் கண்டிருக்கிறது. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று நாயை முடக்கிப் போடும் நோய். யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்து, சூடாக வைத்திருந்தால் ஒழிய அது அத்தனை வாரம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வேட்டைக்கு ஆகாது, காவலுக்கு ஆகாது, சீக்கிரத்தில் குணமாகவும் வாய்ப்பில்லை. அப்படி ஒரு குட்டியின் பக்கத்தில், பனியுகக் குளிரில், ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். "மனிதன் தன் பயனுக்காகத்தான் விலங்குகளை வளர்த்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் இந்தக் குட்டியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி மறுபக்கம். ஒரு விடியற்காலையில் ஆற்றின் வளைவில் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். முதலில் சத்தம்தான் கேட்டது. மீனின் முள்ளைக் கடித்து நொறுக்கும் சத்தம், அவ்வளவு தெளிவாக. கீழே, தண்ணீரை ஒட்டிய கல்லில் ஒரு நீர்நாய். மீனை இரண்டு முன்கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மெல்லுவது நின்றது. மீசைமயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி நீர். மூக்கைத் தூக்கி உள்ளிழுத்தது, புஸ்ஸென்று ஊதியது, இரண்டு எட்டு முன்னால் வந்து கழுத்தை நீட்டி என்னை நிதானமாக அளந்தது. நான் அசையவில்லை. பிறகு அது திரும்பிப் போய், கல்லில் போட்ட மீனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

என்னைப் பார்த்ததைவிட, பார்த்து முடித்துவிட்டு அது சாப்பாட்டுக்குத் திரும்பியதுதான் எனக்குப் பரவசமாக இருந்தது. என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, இந்த ஆளால் ஆபத்தில்லை என்று என் முன்னாலேயே சாப்பிடுகிறது. அதன் காலை நேரத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அன்று முழுக்க யாரிடம் பேசினாலும் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் காக்கைகள் இருக்கின்றன. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டார்கள். அதன்பின் யார் அந்த முகமூடியுடன் வந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன. பல ஆண்டுகள் ஆகியும் மறக்கவில்லை. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. இந்த ஆய்வைக் காக்கையின் வன்மத்துக்குச் சான்றாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. ஜன்னலில் வந்து தலை சாய்த்துப் பார்க்கும் காக்கைக்கு நான் 'ஏதோ ஒரு மனிதன்' இல்லை, முகமுள்ள ஒருவன். ஒரு முகத்தை வெறுக்கத் தெரிந்தால் இன்னொரு முகத்தை நம்பவும் தெரியும்.

"எல்லாம் சோறு போடுகிற கைக்காகத்தான் வருகின்றன, நீங்கள்தான் பாசம் என்று கற்பனை செய்துகொள்கிறீர்கள்" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் ஒரு பறவையைத்தான் பதிலாகச் சொல்வேன். மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் தேனெடுக்கப் போகும்போது 'ப்ர்ர்ர்-ஹ்ம்' என்று ஒலி எழுப்புவார்கள். தேன்காட்டி என்ற சின்னக் காட்டுப்பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவி, தேன்கூடு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும். தேன் அவர்களுக்கு, மெழுகு பறவைக்கு. வேறு ஒலிகளைவிட இந்த ஒலி கேட்டால் கூடு கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பறவையை யாரும் பழக்கவில்லை. பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் இனம் என்பதால் அதன் தாயும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. இதில் லாபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அதனால் அந்தச் சந்திப்பு பொய்யாகிவிடுமா? நம் நட்புகளில் மட்டும் லாபமே இல்லையா என்ன?

லாபக் கணக்குக்குள் அடங்காததும் உண்டு. 1990-களில் யாக் பாங்க்செப் என்ற விஞ்ஞானி ஆய்வகத்து எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார். அவை 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிட்டன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் தனிக் கருவி வைத்துத்தான் அதைக் கேட்டார்கள். கையை எடுத்தால் எலிகள் அந்தக் கையைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தன, இன்னும் வேண்டும் என்று. தின்ன ஒன்றும் இல்லாத வெறும் கையை!

இந்தச் சந்தோஷத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஸ்லோ லோரிஸ் என்ற விலங்கின் வீடியோ நினைவிருக்கலாம். தேவாங்கின் நெருங்கிய சொந்தம், தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்வது. கிச்சுக்கிச்சு மூட்ட மூட்ட இரண்டு கைகளையும் தூக்கும். ஏராளமானோர் "சோ க்யூட்" என்று பகிர்ந்தார்கள். அது சுகத்தில் கைதூக்கவில்லை. முழங்கைப் பக்கத்தில் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. அந்தச் சுரப்பு எச்சிலோடு சேர்ந்தால் விஷம். தற்காப்புக்காகச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி தூக்குகிறது. செல்லப்பிராணிச் சந்தைக்கு வரும்போது பெரும்பாலும் அதன் பற்களைப் பிடுங்கியோ வெட்டியோ விடுகிறார்கள். மேலே சொன்ன எலி கையைத் தேடி ஓடியது. இது கையிலிருந்து தப்ப வழி தெரியாமல் கைகளைத் தூக்குகிறது. வீடியோவில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

அதனால்தான் எப்போதும் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்: அந்த உயிருக்கு விலகிப் போக வழி இருக்கிறதா? கட்டிப்போட்ட நாயைப் போய்க் கட்டிப்பிடிக்காதீர்கள். புது நாயின் தலைமேல் கையைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டாக உட்காருங்கள், அது வந்து மோப்பம் பிடிக்கட்டும். சில நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் அதுவே மூக்கால் இடித்துக் கேட்கும், இல்லையென்றால் உடம்பைச் சிலிர்த்துவிட்டு நகர்ந்துவிடும். காட்டில் இன்னும் சுலபம். மேய்கிற மான் தலை நிமிர்ந்து அப்படியே நின்றுவிட்டால் நாம் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டோம், பின்வாங்க வேண்டும். தீனி போட்டு இழுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மனிதக் கையை நம்பிப் பழகிய காட்டுயிர், அடுத்து வரும் கை எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதையும் நம்பிவிடும்.

இப்படிக் காத்திருந்தால் பல நாள் ஒன்றுமே நடக்காது, உண்மைதான். அதனால் எனக்கு வருத்தமே இல்லை. உங்களிடம் தானாக வந்த உயிர் எது, நாயோ குருவியோ ஓணானோ, கமெண்டில் எழுதுங்கள். படம் வேண்டாம். கேமராவை எடுக்கக்கூடத் தோன்றாமல் போன சந்திப்புகளைத்தான் கேட்கிறேன். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுவேன்.