இசேயில் "பார்க்க ஒன்றுமில்லை" என்பவர்களுக்கு

ஜப்பானின் இசே ஆலயத்துக்குப் போய் வந்த பலரும் "நாலு மரவேலியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று அலுத்துக்கொள்கிறார்கள். மூல ஆலயத்தின் கூரை முகடுதான் கண்ணில் படும் என்பது உண்மைதான். நைக்கூ என்ற உள் ஆலயத்தில் படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கவும் விடமாட்டார்கள். ஆனால் குறை பெரும்பாலும் போகிற முறையில்தான்.

முதலில் கெக்கூ என்ற வெளி ஆலயம், பிறகுதான் நைக்கூ. சூரியத் தெய்வம் அமதெராசுக்குத் தினமும் இரண்டு வேளை படையல் தயாராவது கெக்கூவில். விழாக்களும் அங்கேதான் முதலில் நடக்கும். இசே-ஷி ரயில் நிலையத்திலிருந்து கெக்கூ ஐந்து நிமிட நடை. கெக்கூவிலிருந்து நைக்கூவுக்குப் பேருந்தில் சுமார் 20 நிமிடம். பெட்டியை நிலைய லாக்கரிலேயே வைத்துவிடுங்கள். பாதை முழுக்கச் சரளைக்கல், சக்கரம் உருளாது. நகோயாவிலிருந்து கின்டெட்சு என்ற தனியார் ரயில் வசதி, ஆனால் அதில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் செல்லாது. கட்டணம் இல்லை, காலை 5 மணிக்கே திறந்துவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வரும் முன் போய்விடுங்கள்.

கெக்கூவில் இடது ஓரம், நைக்கூவில் வலது ஓரம் நடக்க வேண்டும். கை கழுவும் இடம் அந்தந்தப் பக்கம் இருப்பதுதான் காரணம் என்பார்கள். ஒரே அகப்பைத் தண்ணீரில் எல்லாம் முடியணும்: இடது கை, வலது கை, இடது உள்ளங்கையில் ஊற்றி வாய், மறுபடி இடது கை, கடைசியில் அகப்பையை நிமிர்த்திக் காம்பு. பலர் முதல் கைக்கே முழுத் தண்ணீரையும் கொட்டிவிடுகிறார்கள். அகப்பையில் வாய் வைப்பதும், தொட்டிக்குள்ளேயே துப்புவதும் அதைவிட மோசம்.

சன்னதியில் இரண்டு முறை ஆழக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும்.

என்னைக் கேட்டால், நின்று பார்க்க வேண்டியது பக்கத்துக் காலி மனையை. வெறும் கூழாங்கல், நடுவில் ஒரு சின்னக் குடில், அவ்வளவுதான். 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயம் புதிதாகக் கட்டப்பட்டு அந்த மனைக்கு மாறும். 62ஆவது மாற்றம் 2013இல் நடந்தது, அடுத்தது 2033. பழைய மரம் வீணாவதில்லை. நைக்கூ வாசலில் உள்ள உஜி பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரிகளின் (ஆலய நுழைவு வளைவுகளின்) தூண்கள் பழைய ஆலயங்களின் முகடு தாங்கியவை. உள்முனையில் நைக்கூவின் மரம், வெளிமுனையில் கெக்கூவின் மரம். அங்கே 20 ஆண்டு நின்ற பிறகு அவை குவானா, செக்கி என்ற ஊர்களுக்குத் தோரியாகப் போகும். இது தெரியாமல் பாலத்தில் செல்ஃபி மட்டும் எடுத்துவிட்டு வருகிறோம்.

மூல சன்னதியில் நன்றி மட்டும் சொல்வது மரபு. வேண்டுதல் இருந்தால் பக்கத்தில் உள்ள அராமத்சுரி-நோ-மியா என்ற துணை ஆலயத்துக்குப் போங்கள். ஓமிகுஜி என்ற குறி சொல்லும் சீட்டைத் தேடி அலையாதீர்கள், இசேயில் அது கிடையாது.