நின்றது பாட்டு இல்லை
1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்ததும் பிபிசி வானொலி இசையையே நிறுத்திவிட்டு நாள் முழுக்கச் செய்தி மட்டும் வாசித்தது என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. நின்றது தொலைக்காட்சி, அதுவும் இரண்டு நாள் முன்பே. வட்டார ஒலிபரப்புகளை ஒரே சேவையாக இணைத்தார்கள். எதிரி விமானங்கள் அலைவரிசையை வைத்துத் திசை கண்டுபிடித்துவிடக் கூடாதே!

இசை நிறையவே ஒலித்தது. பிபிசியின் சிம்பொனி இசைக்குழுவை லண்டனிலிருந்து பிரிஸ்டல் நகருக்கு அனுப்பியிருந்ததால், இசைத்தட்டுகளும் சாண்டி மக்பெர்சன் என்ற கலைஞர் வாசித்த ஆர்கன் என்ற இசைக்கருவியும்தான் அந்த நாட்களைத் தாங்கின. ஆர்கன் அளவுக்கு மீறிப் போகிறது என்று நேயர்களே குறைபட்டார்கள். திரையரங்குகளும் மூடிக் கிடந்த நேரத்தில் ஓயாமல் வாசித்த அந்த மனிதரை மறந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.